தெருவில் சிரித்தவள்

"நீ இன்னைக்குத் தெருவுல சிரிச்சியாமே?"

அண்ணன் இதைக் கேட்டதும் சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி ஜாடியை அப்படியே சாய்த்துப் பிடித்தபடி நின்றாள். டம்ளர் நிறைந்து மேசையில் வழிந்தது. அண்ணன் மகள் தட்டுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கிற்று.

கேள்வி தங்கைக்கு. மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்த அவள், வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "ஆமாண்ணா" என்றாள்.

"கொஞ்சமாவா, நெறையவா?"

அண்ணன் இரும்புச்சாமான் கடைக்காரர். ஆணியைக்கூட நிறுத்துப் போட்டு விற்றுப் பழகியவர்.

"நெறைய. நிக்க முடியல. தரையில உக்காந்துட்டேன்."

"நடுத்தெருவுலயா?"

"இல்லண்ணா. ஓரத்துலதான்."

அண்ணன் மகளிடமிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. "புரையேறுது" என்று சொல்லிவிட்டு அது எழுந்து ஓடியது. அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். கோபத்தை விடவும் வருத்தம்தான் அவர் முகத்தில் கூடுதலாக இருந்தது. அதுதான் கஷ்டம். கோபக்காரரிடம் சண்டை போடலாம். வருத்தப்படுகிறவரை என்ன செய்வது?

"இதோ பாரும்மா. ஒன் புருஷன் போயி ரெண்டு வருஷம் முழுசா ஆகல. நீ ரோட்டுல உருண்டு சிரிச்சா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? மருந்துக்கடைக்காரரு அவர் வாயாலயே என்கிட்ட வந்து சொல்றாரு. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல."

கணவன் காய்ச்சலில் போனபோது, ஒரு கேள்வி கேட்காமல் வண்டி வைத்துக்கொண்டு வந்து தங்கையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனவர் இந்த அண்ணன்தான். மாடியறையை ஒழித்துக் கொடுத்தார். அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவள் உள்ளே வந்தால் ரேடியோவைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, "நீ எதுக்கு அலையணும், வீட்டுல இரு" என்பார்கள். அவளுடைய கலர் உடுப்புகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பெட்டிக்கு அடியில் போயின. யாரும் போடச் சொல்லவில்லை. சாம்பல் நிறத்தில் புதிதாக ஏதாவது ஒன்று மட்டும் அவ்வப்போது கட்டில்மேல் மடித்து வைக்கப்பட்டிருக்கும். தெருவில் அவளைப் பார்க்கிறவர்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்பார்கள். 'நல்லா இருக்கேன்' என்று பதில் சொன்னால் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால், "இருக்கேன்" என்பாள். அவர்களும் திருப்தியாகப் போவார்கள்.

இப்படி இருந்தவளை வெளியே இழுத்து விட்டது ஒரு விசில்.

கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் விவசாயம் கற்றுத்தரும் இளைஞர் திட்டம் ஒன்று அந்த வட்டாரத்தில் நடந்துவந்தது. ஆளுக்கொரு பிராணியோ பாத்தியோ எடுத்து வளர்த்து, கோடை முடிவில் கண்காட்சியில் காட்ட வேண்டும். அதன் அதிகாரியம்மா கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். கம்பிவலை வாங்க அண்ணன் கடைக்கு வந்தவர், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆடு வளர்க்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"முயலு? வாத்து?"

"தெரியாதுங்க."

"பசங்கன்னா பயமா?"

"பசங்கதான் என்னப் பாத்து கொரலக் கொறைக்க மாட்டாங்க" என்றாள் அவள், தன்னையறியாமல்.

"அது போதும். பயிற்சியாளரா சேந்துக்கோ. நல்லா செஞ்சா கோடைக்கப்புறம் வேலைய நிரந்தரமாக்குறேன்."

திட்டத்தின் விதிப்படி முப்பது வயதுக்குள் இருந்தால்தான் இளைஞர். அவளுக்கு முப்பது முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. கதவு சாத்துவதற்குள் ரயிலில் ஏறியவள்போல அந்தச் சொல்லுக்குள் ஏறிக்கொண்டாள். பிள்ளைகள், பிராணிகள், மனசுக்கு மாற்று என்று அண்ணனும் சம்மதித்தார். சீருடையைப் பார்த்தபோதுதான் திகைத்தார். மஞ்சள் பனியன். நெஞ்சில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு கேரட்.

"சாம்பல் கலர்ல கெடைக்காதுங்களா?"

"சாம்பல் கலர்ல கேரட்டு வெளையாதுங்க" என்றார் விசிலம்மா.

மறுவாரமே பிள்ளைகள் அவளுக்கு 'கேரட்டக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணன் மகள் மட்டும், "எனக்கு மட்டும்தான் கேரட்டத்தை" என்று பெருமையடித்துக்கொண்டது.

அன்று நடந்தது இதுதான். அண்ணன் மகள் வளர்க்கும் வாத்துகளைத் திட்டத்தின் கொட்டகையிலிருந்து குளத்துக்கு இருவருமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். மருந்துக்கடை வாசலை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள். ஈரத்தைப் பார்த்ததும், இதுதான் குளம் என்று வாத்துகள் முடிவு கட்டிவிட்டன. வரிசையாகப் படியேறிக் கடைக்குள் போயின. ஒன்று நேராக எடை பார்க்கும் மெஷின்மேல் ஏறி நின்று முள்ளைப் பார்த்தது. கடைக்காரர் இதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. கல்லாவுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, தனக்கு நிச்சயமான பெண்ணோடு ரகசியமாகப் போனில் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன பண்ணிட்டிருக்கே கண்ணு?"

"குவாக்" என்றது மெஷின்மேல் நின்ற வாத்து.

"என்னது? ஜலதோஷமா கண்ணு?"

"குவாக்."

வாசலில் நின்றிருந்த அவளுக்கு முதலில் இருமல்போல ஏதோ வந்தது. அவளுடைய கணவன் பம்பு மெக்கானிக். அவள் சிரிப்பை அவன்தான் முதலில் கண்டுபிடித்தவன்போலப் பேசுவான். "ஒன் சிரிப்பு காத்து அடைச்ச மோட்டாரு மாதிரி. மொதல்ல நாலு தடவை வெறும் காத்தா இருமும். அப்புறம் கொட்டுச்சுன்னா நிறுத்த சுவிட்ச் கெடையாது" என்பான். இரண்டு வருஷமாக ஓடாத மோட்டார். நாலு தடவை இருமியது. அப்புறம் கொட்டிவிட்டது. கண்ணில் நீர் வழிய, சுவரைப் பிடித்துக்கொண்டே வழுக்கித் தரையில் உட்கார்ந்து அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவிலேயே, அவன் இருந்திருந்தால் அந்த வாத்தைத் தூக்கி முத்தம் கொடுத்திருப்பான் என்று தோன்றியது. தோன்றியதும் நெஞ்சு வலித்தது. வலியோடு சேர்ந்தே சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒரே குழாயில்தான் வருகின்றன என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

சாப்பாட்டு மேசையில் அண்ணன் தீர்ப்புச் சொன்னார். "வேலைக்குப் போ, வேணாங்கல. ஆனா வெளியில சிரிக்கக் கூடாது. மறுபடி ஒரு தடவை காதுல விழுந்துச்சு, அன்னைக்கே அந்த மஞ்சள் பனியனைக் கழட்டி வச்சுடணும்."

அவள் சரி என்றாள். பனியனை விட்டுவிட்டால் மறுபடியும் மாடியறைதான், குறைந்த ரேடியோதான். அதற்கு வாயை மூடிக்கொள்வது மேல்.

பாத்திரம் கழுவும்போது அண்ணி குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் மெல்ல நெருங்கி வந்தாள்.

"ஏம்மா, அந்த வாத்து நெசமாவே பதில் சொல்லுச்சா?"

"ரெண்டு தடவை அண்ணி. அவரு, ஜலதோஷமா கண்ணுன்னு..."

அண்ணி துடைக்கும் துண்டை வாயில் திணித்துக்கொண்டு தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் குழாய் சும்மாவே ஓடியது.

"தண்ணி வீணாகுது!" என்று அண்ணன் முன்னறையிலிருந்து கத்தினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரரே வீட்டுக்கு வந்தார். மனைவி இறந்து எட்டாவது மாதம் நடக்கிறது அவருக்கு. போன மாதம்தான் நிச்சயம் ஆகியிருந்தது. பெண், தபால் அலுவலகத்தில் பார்சல் கவுன்ட்டரில் வேலை பார்ப்பவள்.

"வாய்யா, புது மாப்ள!" என்று அண்ணன் எழுந்து அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். இரண்டு பேரும் கடகடவென்று சிரித்த சிரிப்பில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கல்யாணத்துக்குத் தைக்கக் கொண்டுவந்த துணிகளை விரித்துப்போட்டு, "ரோஸா, இளநீலமா? எது என்னை எளமையாக் காட்டும்?" என்றார் மருந்துக்கடைக்காரர். "ரெண்டுமே கஷ்டம்தான்" என்று அண்ணன் சொல்ல, மறுபடியும் ஒரு சிரிப்பு.

டீ கொண்டுவந்த தங்கையைப் பார்த்ததும் இருவரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

"தப்பா நெனைச்சுக்காதேம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர், ரோஜா நிறத் துணியைத் தோளில் போட்டபடி. "ஒன் நல்லதுக்குத்தான் அண்ணன்கிட்ட சொன்னேன். துக்கம்னா அது ஒரு மரியாதை. போனவங்களுக்கு நாம குடுக்கிற மரியாதை."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் டீயை வைத்தாள். "இளநீலம் எடுங்க. ரோஸ் ஒங்களுக்குக் கொஞ்சம் வெளிறித் தெரியுது."

அவர் இளநீலம்தான் எடுத்தார்.

சிரிக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது அதன்பிறகு தெரிந்தது. சாதாரண இடத்தில் என்றால் சமாளிக்கலாம். இவள் வேலை பார்த்ததோ முயல்களும் வாத்துகளும் ஆடுகளும் பிள்ளைகளும் ஒன்றாகக் கிடந்த கொட்டகையில். பூசணி வளர்த்த பையன் ஒருவன், காய் பெரிதாக வேண்டும் என்று தினமும் அதற்குப் பாடம் படித்துக் காட்டுவான். "பெருக்கல் வாய்ப்பாடு சொன்னா நல்லாப் பெருக்குதுக்கா" என்று அவன் சொன்னபோது அவள் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு உரமூட்டையின் மேலிருந்த எழுத்தையெல்லாம் வரிவிடாமல் படித்தாள். முயல்காரி தன் முயலுக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கிக் கூண்டில் மாட்டியிருந்தாள். வெள்ளாட்டுக்காரன் தன் ஆட்டுக்கு நாற்காலியில் ஏறி அசையாமல் உட்காரக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டால், "படுத்தே கெடக்குது. ஒக்காந்தா கொஞ்சம் மரியாதையா இருக்குமில்லக்கா" என்றான்.

தடை விஷயம் பிள்ளைகளுக்குத் தெரிந்துபோனது. அண்ணன் மகள்தான் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நாள் அவளைச் சிரிக்க வைப்பதையே விளையாட்டாக வைத்திருந்தார்கள். அப்புறம் ஒருநாள் முயல்காரி கேட்டாள்.

"எங்கம்மா சொன்னாங்க, நீங்க சிரிச்சா ஒங்க வீட்டுக்காரருக்குப் புடிக்காதாம். அவரு கோவக்காரராக்கா?"

"சேச்சே. நான் சிரிக்கணும்னே பொய்யா வழுக்கி விழுவாரு."

"அப்ப யாருக்குத்தான் புடிக்கல?"

அவள் வாத்துக்குத் தவிடு கலக்கிக்கொண்டே இருந்தாள். கை தவிட்டில் இருந்தாலும் மனசு அந்தக் கேள்வியையே கலக்கிக்கொண்டிருந்தது.

கண்காட்சி நாள் வந்தது. மைதானம் கொள்ளாத கூட்டம். மேடையில் அறிவிப்பு செய்யும் வேலையை விசிலம்மா கேரட்டக்காவிடம் கொடுத்திருந்தார். சிறப்பு விருந்தினர் வேறு யாருமில்லை. பிராணிகளுக்கு மருந்து கொடுத்து உதவிய மருந்துக்கடைக்காரர்தான். இளநீலச் சட்டையில் பளபளவென்று வந்தார். பக்கத்து நாற்காலியில் நிச்சயமான பெண். முன்வரிசையில் அண்ணனும் அண்ணியும்.

மருந்துக்கடைக்காரர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் முன்னால் வந்தார். "ஒழுக்கம்!" என்று தொடங்கினார். "பிராணிக்கே ஒழுக்கம் வேணும்னா மனுஷனுக்கு எவ்வளவு வேணும்!"

அந்த நேரத்தில்தான் கட்டவிழ்ந்த வெள்ளாடு மேடைப் படியேறி வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. சிறப்பு விருந்தினர் எழுந்துபோன நாற்காலி காலியாக இருந்தது. கோடை முழுக்கக் கற்றுக்கொண்ட பாடம். ஏறி, திரும்பி, மரியாதையாக உட்கார்ந்துகொண்டது. தாடி காற்றில் ஆட, கூட்டத்தை அமைதியாகப் பார்த்தபடி அசைபோட்டது. பார்சல் கவுன்ட்டர் பெண் தன் கைப்பையைக் கொஞ்சம் நகர்த்தி அதற்கு இடம் கொடுத்தாள்.

கூட்டம் 'ஓ'வென்று சிரித்தது. தன் பேச்சுதான் எடுபடுகிறது என்று மருந்துக்கடைக்காரருக்குச் சந்தோஷம். "சிரிக்கிறீங்க! ஆனா யோசிங்க!" என்றார். ஆடு யோசிப்பதுபோலத் தலையை ஆட்டியது.

மேடையோரத்தில் நின்ற அவள் கன்னத்தைக் கடித்தாள். பெருக்கல் வாய்ப்பாட்டை நினைத்தாள். அது பூசணிக்காயை ஞாபகப்படுத்தித் தொலைத்தது. நாலு தடவை இருமினாள். அப்புறம் கொட்டியது. மேடைத் தூணைக் கட்டிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு மைதானத்தின் சிரிப்பையெல்லாம் மீறிக் கேட்டது. வாயை மூட நினைத்த கையால் கண்ணைத்தான் துடைக்க முடிந்தது.

பேச்சை முடித்துக்கொண்டு திரும்பிய மருந்துக்கடைக்காரர், தன் நாற்காலியில் இருப்பது யார் என்று பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் விறுவிறுவென்று மேடையடிக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கீழ எறங்கு. வீட்டுக்குப் போலாம்."

தங்கை சிரிப்பை அடக்க முயலவில்லை. அது தானாக அடங்கும்வரை காத்திருந்தாள்.

"வரலண்ணா. இன்னும் முயல் இருக்கு, வாத்து இருக்கு, பூசணிக்கா இருக்கு. ஒங்க பொண்ணோட வாத்துண்ணா. நீங்க போயி ஒக்காருங்க."

"நான் அன்னைக்கே என்ன சொன்னேன்? பனியனைக்..."

"கழட்ட மாட்டேண்ணா. அவரு போனதுக்கு நான் அழுதேன். இன்னும் அழுவேன். அத யாரும் சொல்லிக் குடுக்க வேணாம். சிரிப்பு வந்தா சிரிப்பேன். அதையும் யாரும் சொல்லிக் குடுக்க வேணாம்."

குரல் உயரவில்லை. கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் குரலில்தான் சொன்னாள்.

நிச்சயமான பெண் ஆட்டைத் தாண்டிக் குனிந்து மருந்துக்கடைக்காரரிடம் கேட்டாள். "அவங்க ஏன் சிரிக்கக் கூடாதாம்?"

"அது..." மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். கையில் இருந்த மைக்கை அவர் மறந்தேபோயிருந்தார். அவர் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது. "புருஷன் போயி ரெண்டு வருஷம் ஆகல. பொம்பள இப்படிச் சிரிச்சா நல்லாவா இருக்கும்?"

அந்தப் பெண் பார்சலை எடைமேடையில் வைத்துவிட்டு முள் நிற்கக் காத்திருப்பவள்போல அவரைப் பார்த்தாள்.

"ஒங்க சம்சாரம் போயி எவ்வளவு நாளாச்சு?"

"எட்டு மாசம். ஒனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். நீங்க சிரிக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்ல. சிரிக்கிற ஆளுன்னுதான் சம்மதிச்சேன். ஒரே ஒரு விவரம் வேணும். நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எனக்கு எத்தனை மாசம்?"

ஒலிபெருக்கி அந்தக் கேள்வியைத் தெளிவாக, ஒரு எழுத்து குறையாமல் மைதானத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோனது. அதன்பிறகு ஆடு அசைபோடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இது என்ன கேள்வி? நல்ல நாளும் அதுவுமா..."

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிக்கிட்டா நல்லதில்லீங்களா? எட்டா, இருபத்தி நாலா, இல்ல ஆயுசுக்குமா? சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியா யோசிச்சு முடிவு பண்ணுவேன்."

மருந்துக்கடைக்காரர் உதவிக்கு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஆட்டைப் பார்த்தார். கூட்டத்தில் ஆண்கள் பலர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பெண்கள் யாரும் செருப்பைப் பார்க்கவில்லை.

முதலில் சிரித்தது அண்ணிதான். துண்டு எதுவும் கையில் இல்லை. திறந்துவிட ஒரு குழாயும் இல்லை. இத்தனை வருஷமும் சமையலறையில் அடைத்து வைத்திருந்தது மொத்தமும் வெட்டவெளியில் வந்தது. அவளைப் பார்த்து முயல்காரியின் அம்மா, அவளைப் பார்த்து பின்வரிசை, அப்புறம் யார் யாரைப் பார்த்து என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. விசிலம்மா ஒழுங்குபடுத்துவதற்காக விசிலை வாயில் வைத்தார். சிரிப்பு அதற்குள் புகுந்துகொண்டதால் விசில் விட்டு விட்டுக் கீச்சிட்டது. அது இன்னும் மோசம்.

தங்கை போய் மருந்துக்கடைக்காரரின் கையிலிருந்து மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள், குரலில் இன்னும் சிரிப்பு ஒட்டியிருக்க. "அடுத்ததா முயல்கள். கைதட்டுங்க, அதுல ஒண்ணுக்குத் தன்னம்பிக்கை கொறைவு."

மருந்துக்கடைக்காரர் கடைசிவரை நின்றுகொண்டேதான் இருந்தார். ஆடு எழுந்திருக்கவில்லை.

பரிசெல்லாம் கொடுத்து முடித்து, வெயில் சாயும் நேரத்தில் பிராணிகளை வண்டிகளில் ஏற்றினார்கள். விசிலம்மா வந்து, "திங்கக்கெழமை காலையில ஆபீசுக்கு வந்துடு. இனிமே நீ பயிற்சியாளர் இல்ல, அமைப்பாளர்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் யாரையோ பார்த்து விசிலடித்துக்கொண்டு ஓடினார். தங்கை வாத்துக்கூடையைக் கையில் வைத்தபடி வாசலோரம் நின்றாள். கூட்டம் அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. தலையைச் சாய்த்து யாரும் நலம் விசாரிக்கவில்லை. காதில் விழுந்தது வேறு.

"என்னங்க, அந்தப் பொண்ணு கேட்டது நியாயமாத்தானே இருக்கு? நம்ம வீட்டுல எத்தனை மாசம்?" என்று டிராக்டரில் ஏறிக்கொண்டே ஒருத்தி கேட்டாள். அவள் கணவன் சாவியைக் கீழே போட்டுவிட்டுத் தேடினான். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி முன்னாலிருந்த முதுகை விரலால் குத்தி, "வாயத் தொறந்து சொல்லேன்" என்றாள். சைக்கிள் தடுமாறிற்று. பார்சல் கவுன்ட்டர் பெண் தனியாக, கைப்பையை வீசிக்கொண்டு நடந்தாள். மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் பின்னால், விரல்விட்டு ஏதோ எண்ணிக்கொண்டே வந்தார்.

அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டு, "எல்லாரும் ஏறுங்க, நேரமாச்சு" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

அண்ணி முன்சீட்டில் ஏறினாள். கதவைச் சாத்தினாள். மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு கணவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவசரமில்லீங்க. எனக்கு எத்தனை மாசம்னு சொல்லிட்டு வண்டிய எடுங்க."

வண்டி வெகுநேரம் கிளம்பவில்லை.